ஹெச். பைலோரி: புண்ணாக்கறது கிருமியா, நம்ம உடம்பா?

சித்தப்பாவுக்கு எண்டாஸ்கோப்பி பண்ணி பயாப்சி ரிப்போர்ட் வந்துச்சு, அதுல க்ரானிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை சவ்வு வீக்கம்), ஹெச். பைலோரி (இரைப்பையில குடியிருக்கற ஒரு பாக்டீரியா) பாசிட்டிவ்னு போட்டிருக்கவும் மனுஷன் முதல்ல கேட்டது "எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாடா"ன்னுதான். கொரோனா நேரத்துல கஷாயம் வித்தவங்க புண்ணியத்துல, அது கம்மியானா எல்லா வியாதியும் வரும், ஏத்திக்கிட்டா ஒண்ணும் வராதுன்னு எல்லார் மண்டையிலயும் ஏறிப்போச்சு. இந்தக் கிருமி விஷயத்துல நடக்கறது வேற.

மைக்ராஸ்கோப்ல பாத்தவங்க சித்தப்பா வயித்து சவ்வுல நியூட்ரோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணு இறங்கி நிக்கறத பாத்திருக்காங்க, அதுக்குத்தான் ஆக்டிவ். கூடவே நாள்பட்ட சண்டையில வந்து தங்கற லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல்னு வேற வெள்ளை அணுக்களும் டேரா போட்டிருக்கு, அதுக்குத்தான் க்ரானிக். அதாவது படை வரலைன்னு இல்ல, வந்துருச்சு, வந்தும் கிருமி போகல.

ஏன் போகலைன்னா அது அவ்வளவு கில்லாடி. யூரியேஸ்னு ஒரு என்சைம் வச்சு யூரியாவ அமோனியாவா மாத்தி தன்ன சுத்தி இருக்கற ஆசிட்ட தணிச்சுக்கும், அப்புறம் சளிப்படலத்துக்குள்ள துளைச்சுக்கிட்டு போய் அங்கயே உக்காந்துக்கும், ரத்தத்துல ஆன்டிபாடி (கிருமிய எதிர்க்க உடம்பு செய்யற புரதம்) எவ்வளவு ஊறினாலும் கிருமிய அழிக்க அது போதாது. பாக்டீரியாவோட வாலப் பாத்தே கண்டுபிடிக்கற டிஎல்ஆர் 5ன்னு ஒரு சென்சார் நமக்கு இருக்கு, அதுக்கு இதோட வால் தெரியவே தெரியாது. இந்தக் கிருமி விடற வேக்-ஏன்னு ஒரு நச்சு, எதிர்ப்புப் படையில முக்கியமான டி செல்ங்கற வெள்ளை அணு பெருகறதையே தடுக்குது. இதெல்லாம் போக, சண்டைய அடக்கற ரெகுலேட்டரி டி செல்லையும் இது நம்மகிட்ட வளத்து விட்டுடுது.

இன்னொரு பக்கம் சில ரகங்க கேக்-ஏன்ற புரதத்த ஊசி மாதிரி நம்ம செல்லுக்குள்ள ஏத்துது, உடனே செல் இன்டர்லூக்கின் 8ன்னு ஒரு சிக்னல் புரதத்த விட்டு நியூட்ரோஃபில்ல கூப்பிடுது, அது வந்து கக்கற ரசாயனம் நம்ம சவ்வையே அரிக்குது. திருடன் சந்துல பூந்துட்டான், தெருவுல நின்னவனுக்கு லத்தி அடி. இது வருஷக்கணக்கா, சிலருக்கு சின்ன வயசுல தொத்தினதுல இருந்து ஆயுசு முழுக்க நடக்கும், முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது.

சண்டை எந்த இடத்துல நடக்குதுன்றதுலதான் தலையெழுத்தே. இரைப்பையோட கீழ்ப்பகுதியில மட்டும் வீக்கம்னா ஆசிட் அதிகமாகி சிறுகுடல் ஆரம்பத்துல அல்சர் வரும். மேல உடல்பகுதி முழுக்க பரவினா ஆசிட் சுரக்கற சுரப்பியே தேஞ்சு போய் ஆசிட் கம்மியாகும், கேன்சர் பயம் இருக்கறது இந்த ரூட்லதான். வீக்கத்துல ஊறற இன்டர்லூக்கின் 1 பீட்டான்ற இன்னொரு சிக்னல் புரதம் ஆசிட்ட பலமா அடக்கற சமாச்சாரம், அது அதிகமா சுரக்கற மாதிரி ஜீன் இருக்கறவங்களுக்கு அந்த ரிஸ்க் கூடன்னு 2000ல ஒரு ஆய்வு சொல்லிச்சு.

எனக்கு ரொம்ப ஆச்சரியம் மால்ட் லிம்ஃபோமாதான், இரைப்பையில வர்ற ஒரு வகை நிணநீர் கேன்சர். சாதாரணமா இரைப்பையில நிணநீர்த் திசு கிடையாது, இந்தக் கிருமிக்காக பி செல் (ஆன்டிபாடி செய்யற வெள்ளை அணு வகை) வந்து கூடி, தூண்டித் தூண்டி கடைசியில அதுவே புத்துநோயாகுது. 1993ல லண்டன் டாக்டர்கள் 6 பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் குடுத்தாங்க, 5 பேருக்கு கட்டி கரைஞ்சிருச்சு!

ஆன்டிபாடி பத்தி இன்னொண்ணு. கிருமி ஒழிஞ்ச பின்னாடியும் அது ரத்தத்துல மாசக்கணக்கா இருக்கும், அதனால மருந்து வேலை செஞ்சுச்சான்னு பாக்க ரத்த டெஸ்ட் வேஸ்ட், மூச்சு டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோதான் சரி, அதுவும் ஆன்டிபயாடிக் முடிஞ்சு 4 வாரம் கழிச்சு, ஆசிட்ட குறைக்கற ஒமிப்ரசோல் வகை மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு 2 வாரம் முன்னாடியே நிறுத்திட்டு. 14 நாள் கோர்ஸ நடுவுல விட்டா கிருமி தப்பிச்சிரும், அடுத்த தடவை அதே மருந்து கேக்காமலும் போகலாம்.

நம்ம ஊர்ல இந்தக் கிருமி அவ்வளவு பேருக்கு இருந்தும் ஜப்பான், கொரியா அளவுக்கு இரைப்பை கேன்சர் இல்ல, இது ரொம்ப நாளா பேசற புதிர். சாப்பாடு, கிருமியோட ரகம், ஜீன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குப் பிடிச்சது 2000ல வந்த ஒரு எலி ஆய்வு: இதே குடும்பத்துக் கிருமியோட குடல் புழுவையும் சேர்த்து ஏத்தினா கிருமி அப்படியே இருக்கு, ஆனா எதிர்வினை திசை மாறி சுரப்பி தேயறது குறைஞ்சுடுது. கிருமிய விட நம்ம எதிர்வினைதான் மெயின்னு இதுக்கு மேல என்ன வேணும். அதுக்காக யாரும் புள்ளைங்களுக்கு பூச்சி மாத்திரைய நிறுத்திடாதீங்கப்பா, அது எலி.