அய்யன் பென்ஷன் அம்மா பேருக்கு மாறின கதை

எங்கய்யன் பட்டாளத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் 15 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வந்தவர். 2025 தை மாசம், 78 வயதில் தவறிவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே மாமா ஒருத்தர், "ஏடிஎம்ல இருக்கறத எடுத்துப்போடுங்க மாப்ளே" என்றார். நல்லவேளை, எடுக்கவில்லை. இறந்த தேதிக்கப்புறம் வரவான பென்ஷனை எப்படியும் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள், எடுத்திருந்தால் அதற்கும் ஒரு அலைச்சல்.

இறப்புச் சான்றிதழோடு பேங்குக்குப் போனேன். இப்போதெல்லாம் பட்டாளத்துப் பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற தளம் வழியாகப் பிரயாக்ராஜிலிருந்து நேராக வருகிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று இ-சேவை மையத்துக்குப் போய் இறப்பைப் பதிவு செய்தால், பத்து நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் புரியவே இல்லை.

ஈரோட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போன அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. வேறு வேலையாக அங்கே வந்திருந்த வயதான சுபேதார் ஒருத்தர், "ஏனுங் தம்பி, பிபிஓவுல அம்மா பேரு என்னன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவை எடுத்துப் பார்த்தால், ஆதாரில் 'ஆத்தாள்' என்று முடிகிற பேர், பட்டாளத்து ரெக்கார்டில் 'அம்மாள்' என்று முடிகிறது! வீட்டில் கேட்டதற்கு அம்மா சிரித்துவிட்டது. "உங்கய்யன்தான் சாமி, ஆத்தான்னு சொன்னா வடக்கத்திக்காரனுக்கு வாயில நுழையாதுன்னு மாத்திக் குடுத்துட்டாரு." அய்யன் செய்த அந்த உபகாரத்துக்கு, இரண்டும் ஒருவரே என்று அபிடவிட் போட்டு, ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்பி, திருத்தின பிபிஓ வருவதற்குள் வைகாசி முடிந்துவிட்டது.

தொகை விஷயத்திலும் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பாதிச் சம்பளம் வரும் என்று. அது இறந்தவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் வரைக்கும், இல்லையென்றால் ஏழு வருஷம், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான். எங்கய்யன் வயதுக்கு நேரே சம்பளத்தில் 30 சதவீதம். அடிப்படை 9,000க்குக் குறையாது, அகவிலைப்படி தனி.

நான் இப்படி அலைந்துகொண்டிருந்த பங்குனியில்தான் எம்.பி.க்கள் சம்பளம் 1 லட்சத்திலிருந்து 1,24,000 ஆன செய்தி வந்தது. முன்னாள் எம்.பி. பென்ஷனும் 25,000லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கு, அரியரோடு. டீக்கடையில் பேப்பரைப் படித்துக் காட்டினவரிடம், "அவங்க பேர்ல எழுத்துப்பிழை ஏதும் இல்லீங்களா?" என்று கேட்டேன், வயிற்றெரிச்சல்தான்.

ஆவணியில் அரியரோடு பணம் வந்தது. உயிரோடு இருக்கும்போதே பிபிஓவை எடுத்து மனைவி பேர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள். பிறந்த தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், 80 வயது ஆனால் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், அதை அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

நவம்பரில் வாழ்நாள் சான்று. போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆறாவது தடவைதான் போன் ஒத்துக்கொண்டது.