தானாக அணையும் இண்டிகேட்டர்

பழைய பைக்கில் தானாக அணையும் இண்டிகேட்டர் தேவையில்லாத வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1980 வாக்கில் வந்த யமஹா எக்ஸ்ஜே 650-ஐப் பாருங்கள். ஸ்பீடோமீட்டருக்குள் ஒரு சின்ன ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் இயங்கும் சுவிட்ச்), சக்கரம் ஓடிய தூரத்தைக் கணக்கு வைக்க உதவும். சுமார் 10 விநாடியும் ஆகவேண்டும், 150 மீட்டரும் ஓடவேண்டும். அப்புறம்தான் விளக்கு அணையும். அதனால் சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் பாதியில் அணைந்துவிடாது. கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் இப்படி யோசித்திருக்கிறார்கள்! அவசரமென்றால் ஹேண்டில்பாரில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்சை உள்ளே அழுத்தி அணைத்தால் போதும்.

போன மாதம், இந்த வசதி இல்லாத வண்டியில் இடது இண்டிகேட்டரை அணைக்க மறந்து நேராகப் போய்க்கொண்டிருந்தேன். நான் திரும்பப்போகிறேன் என்று நம்பி இடதுபக்கத் தெருவிலிருந்து ஒரு கார் வெளியே வந்துவிட்டது. பிரேக் பிடித்து நின்றபோது அதன் பம்பர் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில். வெயிலில் மீட்டரின் பச்சை விளக்கு கண்ணுக்கே தெரியவில்லை.

இந்த யமஹா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இண்டிகேட்டர் தானாக அணையாவிட்டால் உடனே வயரை வெட்டிவிடாதீர்கள். முதலில் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்; அது அறுந்தால் தூரக் கணக்கும் நின்றுவிடும்.