தரையில் கிடந்த சக்கர் மீன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் வேலை பார்த்தால், டேங்க் கிளீனர் என்று எல்லோரும் சொல்லும் சக்கர் மீனைப் பற்றிக் காலையில் இப்படி ஒரு போன் வரும். "தம்பி, டேங்க் கிளீனர் ராத்திரி வெளியே குதிச்சிருக்கு. கட்டை மாதிரி கெடக்கு. தூக்கிப் போட்டுடவா?" போடாதீங்க அக்கா, ஈரத்துணியில் சுற்றி எடுத்துட்டு வாங்க, தொட்டித் தண்ணியும் ஒரு குடம் வேணும் என்பேன்.

கோல்டு பிஷ் என்றால் இந்த அளவு நம்பிக்கையோடு பேசமாட்டேன். தென் அமெரிக்க ஆறுகளில் இருந்து வந்த இந்தச் சக்கர் மீனுக்கு வயிற்றுச் சுவரிலேயே ரத்தக்குழாய்கள் நிறைய உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிறு வழியாகவே மூச்சு வாங்கும். மேலே செதில் இல்லை, எலும்புத் தகடுதான். ஈரம் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். மூடியில்லாத தொட்டியில் இரவில் அது வெளியே விழுவதும் பெரும்பாலும் இந்தக் காற்றைத் தேடி மேலே பாய்வதால்தான்.

வந்து சேரும்போது பார்க்கச் சகிக்காது. உடம்பெல்லாம் தூசியும் தலைமுடியும், முதுகுத் துடுப்பு காய்ந்து ஒட்டிக்கிடக்கும். நான் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். பக்கத்தில் விரல் வைத்தால் உயிருள்ள மீன் கருவிழியைக் கீழே உருட்டும். உருட்டினால் சரி, வேலை இருக்கிறது.

தூசியைத் தேய்த்து எடுக்கக் கூடாது, மேலே மிச்சமிருக்கும் வழவழப்பும் சேர்ந்து போய்விடும். ஊறினால் தானே கழன்றுவிடும். பக்கத் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும் என்பதால் வலை வேண்டாம், சிக்கிவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் தூக்குவேன். அகலமான டப்பில் அது முதுகு முங்கும் அளவுக்கு மட்டும், அதன் பழைய தொட்டித் தண்ணீர். ஆழமாக ஊற்றினால் சோர்ந்த மீனால் மேலே வந்து காற்று விழுங்க முடியாது. காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோனைப் போட்டு, மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கிவிடுவேன். வீட்டில் சிலர் பதறிப்போய்க் குழாய்க்கு நேரே பிடிப்பார்கள். வெளிக்காற்றில் ஒட்டிப்போய்ப் புண்ணான செவுளுக்குக் குளோரின் தண்ணீரைவிடக் கெடுதல் வேறில்லை.

அன்று நீந்தினதும் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். எனக்குப் பயமே அடுத்த சில நாள்தான். வழவழப்பு போன இடத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கும். அதனால் டப்பிலேயே வைத்து, தேவைப்பட்டால் அதற்கான நீல மருந்து மெத்திலீன் புளூ விடுவேன். பெரிய தொட்டியில் அதை ஊற்றினால் பில்டரில் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். எதற்கெடுத்தாலும் கல் உப்பை அள்ளிப் போடுவது எங்கள் தொழிலில் பழக்கம். சக்கரும் கெளுத்தி இனம்தான், அதற்கு அளவில்லாமல் உப்புப் போடக் கூடாது என்று பழைய ஆட்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

தீனி அவசரமில்லை. டப்பின் பக்கவாட்டில் வாயை ஒட்டிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்ததும் வெள்ளரித் துண்டு ஒன்று போதும். மறுநாள் நீளமாக நூல் நூலாகக் கழிவு கிடந்தால் வயிறு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் வீட்டுக்கு அனுப்பும்போது தொட்டி மூடியையும் சேர்த்து விற்றுவிடுவேன். ஒரு முறை மூடிக்குக் காசு கேட்டதும், "இது ரொம்ப வளருது தம்பி, பேசாம ரெட்டேரியில விட்டுடறேன்" என்றார் ஒருவர். ஒன்றரை அடி வரை வளரும், இத்தனை கெட்டி உயிரும் கூட. ஏரியில் விட்டால் நம்மூர் மீன்களின் முட்டைக்கும் இரைக்கும் வினைதான். வேண்டாம்ணே, வளர்க்க முடியலைன்னா இங்கேயே விட்டுட்டுப் போங்க என்று டப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். கடையின் பின்பக்கச் சிமெண்ட் தொட்டியில் இப்படி வந்தவை ஏற்கெனவே நிறைய.