முன் தேதி

பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக எத்தனையோ மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால், துப்பாக்கியை விற்பது பற்றித் தண்டையார்பேட்டைப் பெரியவர் ஒருவருக்கு எழுத மறுத்த கடிதம்தான் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. "தேதியை மட்டும் ஒன்றரை மாதம் முன்னால் போட்டுக் கொடு தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். "அது மட்டும் முடியாதுங்க ஐயா" என்றேன்.

அவர் பட்டாளத்திலிருந்து வந்து வங்கியில் கன்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, மறுபடி போய் மீட்டு வருவதற்கு உடம்பில் தெம்பில்லை என்று சொல்லி, தம் சிங்கிள் பேரல் துப்பாக்கியை, தமக்குத் தெரிந்த இன்னொரு முன்னாள் ராணுவத்தினருக்கு விற்க விரும்பினார். வாங்குபவரிடம் லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கிதான் இல்லை. ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுசெல்லும் வண்டியில் வேலை தயாராக இருந்தது. சொந்தத் துப்பாக்கியோடு ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இத்தகைய விற்பனையைத் தடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை, வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால், விற்கப்போவதையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நிர்வாக நடுவருக்கோ, அதாவது சென்னையில் காவல் ஆணையருக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். அந்த 45 நாட்களைத்தான் அவர் என் பேனாவால் கடந்துவிடப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே லைசென்ஸ்காரங்க. என் பீரோவில் இருக்கிறது அவன் பீரோவுக்குப் போகுது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். இடையில் அந்தத் துப்பாக்கி திருடு போனாலோ, அதனால் ஓர் உயிர் போனாலோ, லைசென்ஸில் பெயர் இருப்பவர் ஒருவர், கையில் வைத்திருந்தவர் வேறொருவர் என்றாகிவிடும் என்று விளக்கினேன். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கடிதத்தில் எழுதுவதற்காக அவர் வீட்டில் துப்பாக்கியின் எண்ணைப் பார்த்தபோது, வெட்டிய எழுத்துகளில் பழைய எண்ணெயும் அழுக்கும் அடைந்துபோய், கடைசி இலக்கம் 3 என்றுதான் எனக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்த பிறகே, லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளபடி அது 8 என்று உறுதியானது. ஓர் இலக்கத்துக்கே அவ்வளவு பாடுபட வேண்டிய காரியத்தில், தேதியை எப்படிப் பொய்யாக எழுதுவது?

இப்படி நினைக்கும்போது சமாதானமாக இருக்கிறது. ஆனால் அது நீடிப்பதில்லை. சட்டம் கேட்பது தகவல் மட்டுமே. யாரும் பதில் எழுதி அனுமதிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த நாட்களில் அதிகாரி ஒருவர் வாங்குபவரைப் பற்றி விசாரித்தால் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. கடிதம் கோப்புக்குள் கிடந்து நாள் மட்டும் ஓடினால், அந்த மனிதரின் வேலை எதற்காகப் போனது? போனது உண்மை. ஏஜென்சி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அவர் திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், குறைந்த சம்பளத்துக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்தார். விற்பனையும் நின்றுபோனது. பெரியவர் என்மீது கோபப்படவில்லை. அதன்பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வரவும் இல்லை.

அதே கடிதத்தோடு நாளை இன்னொருவர் வந்தாலும் முன் தேதி போட மாட்டேன். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. இப்போதெல்லாம் இந்த விஷயமாக வருகிறவர்களிடம், வேலைக்குப் பேசுவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள் என்று முதலிலேயே சொல்கிறேன். ஆனால், வேலை உறுதியாகாமல் துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்க அவர்களிடம் காசில்லை, துப்பாக்கி கைக்கு வராமல் வேலை உறுதியாவதில்லை. இந்த யோசனையால் யாருக்குப் பயன் என்று அவர்களில் ஒருவர் திருப்பிக் கேட்டால், சொல்ல என்னிடம் பதில் இல்லை.