திருப்பூருக்கு ஸ்னோபோர்டு வாங்கப் போன கதை

அக்கா மகனுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் வீட்டில் ஆளாளுக்கு ஸ்வெட்டர், குக்கர், பருப்புப் பொடி என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். அவன் நேராக என்னிடம் வந்தான். "மாமா, நீங்க ஆஸ்திரியால ஓட்டுனீங்களே, தரையத் தொடற மாதிரி சாஞ்சு போற ஸ்னோபோர்டு, அத நானும் கத்துக்கணும். திருப்பூர்ல ஒருத்தரு விக்கறாராமா" என்றான். மழையே யோசித்துப் பெய்கிற ஊரில் பனிச்சறுக்குச் சாமான் விற்பனைக்கு! பார்க்காமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை முடித்துக்கொண்டு கோவையிலிருந்து கிளம்பிவிட்டோம்.

உப்பிலிபாளையத்தில் மேம்பாலம் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம். ஜி.டி.நாயுடு பெயர் வைத்த பாலம், 10 கிலோமீட்டருக்குச் சிக்னலே கிடையாது. அந்த நேரத்தில் அவனுக்கு அடிப்படையைச் சொல்லிவிட்டேன். ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது. சாதாரண ஸ்னோபோர்டுக்கு மெத்தென்ற பூட்ஸ். போர்டின் இடுப்பு, அதாவது நடுவிலுள்ள அகலம், 25 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கால்களைக் கிட்டத்தட்டக் குறுக்காக வைத்து நிற்பார்கள். அவன் கேட்ட ஹார்ட்பூட் வகை வேறு சங்கதி. காலுக்கொரு பலகை மாட்டி ஸ்கி ஓட்டுபவர்கள் போடுவது போன்ற கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸ், 18 முதல் 21 சென்டிமீட்டர் இடுப்புள்ள ஒல்லிப் போர்டு, இரண்டு பாதமும் 50, 60 டிகிரி முன்பக்கம் திரும்பி நிற்கும். இதில் குதிக்கவோ கம்பி மேல் சறுக்கவோ முடியாது. மெஷின் ஓட்டிச் சமன் செய்த கெட்டிப் பனியில் போர்டின் விளிம்பை நிறுத்தி, வழுக்காமல் வளைவு போடுவது ஒன்றுதான் வேலை. போன தடம் பென்சில் கோடு மாதிரி மெல்லிசாகப் பனியில் தெரிய வேண்டும்.

1998இல் நாகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோதே, கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயண்ட் ஸ்லாலம் பந்தயம் இருந்தது. இன்றைக்கும், இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் போட்டியிடும் பேரலல் ஜயண்ட் ஸ்லாலத்தில் இந்த வகைச் சாமான்தான் ஓடுகிறது. 2018இல் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கியில் சூப்பர்-ஜி பந்தயத் தங்கமும், ஸ்னோபோர்டில் பேரலல் ஜயண்ட் ஸ்லாலம் தங்கமும் ஒரே ஒலிம்பிக்கில் எடுத்தார். பையனுக்குக் கிறுக்குப் பிடித்ததே அந்த வீடியோவைப் பார்த்துத்தான்.

"அப்ப குல்மார்க்லயே கத்துக்கலாமே?" என்று கேட்டான். குல்மார்க் அருமையான இடம்தான். கோண்டோலா என்ற கேபிள் காரில் ஏறினால் அபர்வாட் மலையில் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் அந்த இடத்துக்குப் புகழே புதுப் பொடிப்பனியால் வந்தது. ஒல்லியான, விறைப்பான போர்டு அதில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். தினமும் ராத்திரி மெஷின் ஓட்டி வைக்கும் சரிவுகள் ஐரோப்பாவில்தான் மலிவு. அந்த வகையில் இவன் சரியான ஊருக்குத்தான் போகிறான்.

அவிநாசியில் திரும்பி, அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு சந்துக்குள் வீடு. கீழே நிட்டிங் ஓடுகிறது, மேலே குடித்தனம். விற்கும் அண்ணன் பின்னல் மெஷின் வேலையாகப் பல வருடம் ஜெர்மனியில் ஆல்ப்ஸ்டாட் பக்கம் இருந்தவர். திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் மெஷின்களில் பல அந்த மலைப்பகுதியில் செய்தவைதான். ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானோடு இதுவும் கண்டெய்னரில் வந்துவிட்டதாம். "வாங்க வாங்க, மொதல்ல காப்பி குடிங்க" என்று உட்கார வைத்துவிட்டு, நூல் கோன் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு போர்டு, ஒரு ஜோடி பூட்ஸ், பூட்ஸைப் போர்டில் பூட்டும் பைண்டிங் எல்லாவற்றையும் எடுத்து ஹாலில் பரப்பினார்.

பையன் கண் போர்டு மேல் போனது. நான் பூட்ஸை எடுத்தேன். ஹார்ட்பூட்டில் பணம், நேரம், கவலை மூன்றையும் முதலில் பூட்ஸில்தான் போட வேண்டும். சுமாரான போர்டை வைத்துக்கொண்டு கற்றுவிடலாம், கால் ஆடுகிற பூட்ஸில் ஒன்றும் நடக்காது. குதிகால் உள்ளே எழும்பினால் நீங்கள் சாய்வது விளிம்புக்குப் போய்ச் சேராது.

பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் இருக்கும், பாதத்தின் நீளம்தான் அளவு. இவன் கால் 26, பூட்ஸில் போட்டிருந்தது 28. சரி, வெளிக்கூடான ஷெல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உள்ளேயிருந்த மெத்தை லைனரை உருவி வெளியே வைத்தேன். வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, பெருவிரல் முன்பக்கம் லேசாகத் தொடும்படி நிற்கச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் போகலாம். ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி நல்ல பொருத்தம், 2 என்றால் விளையாட்டாக ஓட்டுபவருக்குப் பரவாயில்லை. இவனுக்கு மூன்று விரல் தாராளமாகப் போனது. "தடியா ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறனே மாமா?" என்றான். மெல்லிசாக ஒரு சாக்ஸ்தான் போட வேண்டும். லைனரைச் சூடாக்கிக் காலுக்கேற்றபடி மறுபடி வார்த்துக்கொள்ளலாம், அதற்குக் கடைகள் உண்டு. ஆனால் பெரிய ஷெல்லைச் சின்னதாக்க எந்தக் கடையிலும் வழி கிடையாது.

அளவு சரியாக இருந்திருந்தாலும் நான் யோசித்திருப்பேன். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், மோல்டிங் வேலை தெரிந்தவர்களுக்குப் பழக்கமான அந்தச் சின்ன வட்டமும் அம்புக்குறியும் தெரிந்தது. எந்த மாதம், எந்த வருடம் வார்த்தது என்பது அதில் இருக்கும். இந்த ஜோடிக்கு வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. அதில் பாதி காலம் திருப்பூர் வெயிலில், ஷீட் கூரைக்குக் கீழே. இந்த பிளாஸ்டிக் வயசாக ஆக நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், ஒரு குளிர்நாள் வேகத்தில் பக்கிள் ரிவெட்டைச் சுற்றி விரிசல் விட்டு உடையும். கால் உள்ளே பூட்டியிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணனும் மறுக்கவில்லை. "அதைய நானும் சொல்லோணும்னுதான் இருந்தனுங்க" என்றார்.

சாதாரண ஸ்கி பூட்ஸைப் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி. பைண்டிங்கில் மாட்டும், முன்னும் பின்னும் உதடு ஒரே மாதிரிதான். ஆனால் அடிப்பாகம் நீளம், ஒல்லிப் போர்டில் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு சாயும்போது பனியில் உரசும். கணுக்காலும் அசைய விடாது. ஸ்னோபோர்டுக்கென்றே செய்த பூட்ஸில் குதிகால் பக்கம் குட்டையாக இருக்கும், முழங்காலை முன்னே மடக்கினால் இசைந்து கொடுக்கும். டீலக்ஸ், யூபிஇசட் இரண்டும் பழைய சந்தையில் அடிக்கடி வரும் பெயர்கள். ரைக்லே என்று போட்டிருந்தால் அது டீலக்ஸின் முந்தைய அவதாரம், வயதும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். ஜெர்மனியில் பழைய சாமான் விற்கும் கிளைன்அன்சைகன் இணையதளத்தில் தேடலாம். இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகப் பழைய ஸ்கி சாமான் சந்தை போடுவார்கள், அங்கே போட்டுப் பார்த்தே வாங்கலாம்.

போர்டு கதைக்கு வருகிறேன். ஒன்று 185 சென்டிமீட்டர், பந்தயச் சாமான். இன்னொன்று 164. பையன் நீளமானதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. 164இல் விளிம்பு வளைவின் ஆரம் எவ்வளவு என்று எழுதியிருந்த ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. பரவாயில்லை, அளந்துவிடலாம். முன்னாலும் பின்னாலும் போர்டு அகலமாக இருக்கும் இரண்டு இடத்துக்கும் விளிம்போரமாக ஒரு நூல் பிடிக்க வேண்டும் (நூலுக்கா பஞ்சம் அந்த வீட்டில்). நடுவில் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலில் பார்க்க வேண்டும். நூல் நீளம் 140 சென்டிமீட்டர், இடைவெளி 2 சென்டிமீட்டர். நீளத்தின் வர்க்கத்தை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் 1,225 சென்டிமீட்டர், அதாவது 12 மீட்டர் சொச்சம். ஆரம்பிப்பவருக்கு 10 முதல் 13 மீட்டர் ஆரம், 160களில் நீளம் என்பது என் கணக்கு. அந்த 185இன் ஆரம் 18 மீட்டருக்கு மேல். அதை வளைக்கிற வேகத்துக்கு இவன் வருவதற்குள் படிப்பே முடிந்துவிடும்.

பிறகு கேம்பர். அடிப்பக்கம் தரையில் படும்படி வைத்தால் நடுவில் வில் மாதிரி எழும்பி நிற்க வேண்டும், அமுக்கிவிட்டால் திரும்ப எழ வேண்டும். எழுந்தது. ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன், முறுக்கு இல்லை. டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்த போர்டு ஒருமுறை மடங்கினால் மடங்கினதுதான், நிமிர்த்த முடியாது என்பதால் அதை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். காசால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும், எங்கும் மாறவில்லை. விளிம்பில் மேலோட்டமான துரு, தேய்த்தால் போய்விடும். தீட்டுவதற்கு இரும்பு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இருந்தது. மேல்புறக் கீறலையெல்லாம் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து எம்6 போல்ட்டை எடுத்து, பைண்டிங் மாட்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் கையாலேயே திருகிப் பார்த்தேன். மரை போன ஒரு ஓட்டை இருந்தாலும் விலையை உடைக்கலாம். அண்ணன் சிரித்துக்கொண்டே, "மெஷின் வாங்க வந்தவங்களாட்டவே பாக்கறீங்களே" என்றார்.

பைண்டிங் எளிய பிளேட் வகை. பூட்ஸின் குதிகாலிலிருந்து ஊசி வந்து தானே பூட்டிக்கொள்ளும் இன்டெக் என்ற வகையும் உண்டு. மாட்டச் சுலபம், ஆனால் பழையதாக வாங்கினால் உள்ளே ஓடும் கேபிளை நம்ப வேண்டியிருக்கும். இதில் முன்னும் பின்னும் கம்பி வளையம்தான், பெயில் என்பார்கள். பிளேட் நன்றாக இருந்தது. ஒரு பெயிலின் வளைவில் நகம் ஓட்டினால் மயிரிழை போல ஏதோ தட்டுப்பட்டது. பிளேட் சரி, பெயில் நாலும் புதுசு போட வேண்டும் என்று சொல்லி விலையில் கழித்துக்கொண்டோம். பூட்ஸ் வேண்டாம், 185 வேண்டாம். அண்ணன் பெரிதாக இழுக்கவில்லை, பைண்டிங்குக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகளையும் விளிம்பு தீட்டும் அரத்தையும் சும்மாவே கொடுத்தார்.

அதற்குள் அவருடைய அம்மா அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய்யோடு இலை போட்டுவிட்டார். பரிமாறிக்கொண்டே அந்தப் பூட்ஸைப் பார்த்து, "இதையப் போட்டுட்டு எப்படிங் தம்பி நடக்கறது?" என்றார். நடக்கவே முடியாதுங்க அம்மா, வாடகைக்கு எடுத்த கால் மாதிரிதான் இருக்கும் என்றேன்.

சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில், பெரிய பூட்ஸையே மாட்டி அவனைப் போர்டு மேல் நிற்க வைத்தோம். முன்கால் 60 டிகிரி, பின்கால் சில டிகிரி குறைவு. எண்ணை விட முக்கியம், பூட்ஸ் விளிம்புக்கு வெளியே நீட்டக் கூடாது. முன்காலுக்கு விரல் பக்கமும் பின்காலுக்குக் குதிகால் பக்கமும் கட்டை கொஞ்சம் தூக்கிக் கொடுத்ததும் முழங்கால் தானாக மடங்கியது. உடம்பு பாதம் பார்க்கும் திசையைப் பார்க்க வேண்டும். கையை நீட்டிப் பனியைத் தொட ஆசை வரும், தொட்டால் இடுப்பு வெளியே போய் விளிம்பு விட்டுவிடும். போர்டு சாய்ந்த பிறகு அதன் போக்கில் விட்டுப் பொறுமையாக நிற்பதுதான் கஷ்டம்.

அண்ணன் ஃபெல்ட்பெர்க்கில் ஆரம்பிக்கச் சொன்னார். பிளாக் ஃபாரஸ்ட் என்கிற கருங்காட்டு மலை, 1,493 மீட்டர்தான், ஸ்டுட்கார்ட்டிலிருந்து போய்வரும் தூரம். காலையில் லிஃப்ட் திறந்ததும் போனால் சரிவு வரிவரியாகப் புதுசாக இருக்கும், கூட்டமும் இருக்காது. மத்தியானம் பனி குலைந்து மேடுபள்ளமானதும் ஹார்ட்பூட்டைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கலாம். இன்னொன்றும் சொன்னார். பின்னால் வருபவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது பனிச்சறுக்கு விதி. ஆனால் நாம் சரிவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வளைகிறோம், அதை மற்றவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அதனால் கிளம்புமுன் மேலே திரும்பிப் பார், பாதி வளைவில் இன்னொரு தடவை பார்.

பெயிலுக்கு ஜெர்மனியில் சொல்லி வைத்தாகிவிட்டது. அது வந்து மாட்டி, பூட்ஸ் போட்டுப் பார்த்து வாங்கும் வரைக்கும் போர்டு அறைச் சுவரில் சாய்ந்தே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரிங் மாமா என்றிருக்கிறான். அந்த 185 விற்றுவிட்டதா என்று அண்ணனிடம் போனில் விசாரித்ததாகவும் கேள்வி.