பென்சிலில் இருந்து ஈரத் தாளுக்கு

ஜூன் 3
பென்சிலில் பழகிய கைக்கு வாட்டர்கலரில் மிகவும் அந்நியமானது, ஈரத் தாளில் ஈர வண்ணம் வைப்பது. வைத்த இடத்தில் வண்ணம் நிற்காது, ரப்பரால் அழிக்கவும் வழியில்லை. அதனால் முதலில் தாளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்), முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள மேற்பரப்பு). மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக எழும்பும், பள்ளங்களில் வண்ணம் தேங்கிவிடும். தாளை அஞ்சலட்டை அளவுக்குக் கிழித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று கெட்டால் மனம் பதறாது.

ஜூன் 4
வண்ணம் இல்லை, தண்ணீர் மட்டும். தட்டைப் பிரஷால் தாளை நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். பிறகு தாளைக் கண் மட்டத்தில் வைத்து, வெளிச்சம் படும்படி சாய்த்துப் பார்ப்பதுதான் பயிற்சி. பளீரென்று மின்னினால் தண்ணீர் மேலேயே நிற்கிறது. வண்ணம் கண்டபடி ஓடும். சற்றுப் பொறுத்தால் அது பட்டுத்துணியின் மினுமினுப்பாக மங்கும். அப்போது வைத்தால் விளிம்பு மென்மையாகக் கரையும், உருவமும் நிற்கும். மினுப்பு போய், புறங்கையால் தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும். பென்சில்காரருக்கு இந்தச் சும்மா இருத்தல்தான் கடினம், ஆனால் பாதி வித்தை இதில்தான் இருக்கிறது.

ஜூன் 6
ஓரம் சுருள்சுருளாக விரியும் கறை. ஓவியர்கள் இதைக் காலிஃபிளவர் என்பார்கள். பாதி காய்ந்த வண்ணத்தில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால் இது வரும். புதுத் தண்ணீர் பரவும்போது நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், ஈரம் தீரும் எல்லையில் குவித்துவிடும். விதி ஒன்றே: தாளைவிடப் பிரஷில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். வண்ணம் தொட்டபின் பிரஷின் அடிப்பகுதியைத் துணியில் ஒருமுறை ஒற்றினால் போதும். தாளின் ஓரத்தில் தேங்கும் சொட்டையும் உடனே ஒற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அது உள்ளே திரும்பி வந்து அதே கறையைப் போடும்.

ஜூன் 9
இரண்டே வண்ணங்கள்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. இரண்டும் கலந்தால் அழகான சாம்பல். நீலம் கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் மண்சுவர். அல்ட்ராமரீன் தாளின் குழிகளில் மணிமணியாகப் படியும், காய்ந்தபின்னும் ஈரப் பிரஷால் ஓரளவு எடுக்க வரும். தாலோ நீலம் என்ற இன்னொரு நீல வண்ணம் அப்படியில்லை, தாளைக் கறையாகப் பிடித்துக்கொள்ளும், தொடக்கத்தில் வேண்டாம். காய்ந்தால் எல்லாம் ஒரு படி வெளிறும். எனவே ஈரத்தில் "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் அளவுக்கு அடர்த்தி தேவை.

ஜூன் 12
மேகம். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் சாம்பலை வைத்துவிட்டுத் தாள் இருக்கும் பலகையை லேசாகச் சாய்த்தால் மீதியைத் தண்ணீர் செய்யும். இருண்டுபோன இடத்தை, மினுப்பு இருக்கும்போதே, பிழிந்த பிரஷின் நுனியால் உறிஞ்சி எடுக்கலாம். மினுப்பு போய்விட்டதா? முழுக்கக் காயவிட்டு, மென்மையான பிரஷால் மெல்ல நனைத்து, மறுபடி அந்த மினுமினுப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.