அண்ணன் பார்க்க ஒரு நேரலை

அப்பாவின் சதாபிஷேகத்துக்கு வர மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. "யூடியூப்ல லைவா காட்டிடுடா" என்றார். போனில் எடுத்தால் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து அப்பா முகம் தெரியாது. வீட்டில் கிடந்த பழைய ஹேண்டிகேம் வீடியோ கேமராவின் ஜூம் நினைவுக்கு வந்தது.

யூஎஸ்பி கேபிளில் செருகினேன். பென் டிரைவ் போலத் திறந்து பழைய கல்யாண வீடியோக்களைக் காட்டியது, அவ்வளவுதான். அடுத்து எச்டிஎம்ஐ. அதிலும் ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை, படத்தை டிவிக்கு அனுப்ப மட்டும்தான்; உள்ளே வாங்கிக்கொள்ளாது. இரண்டு பக்கமும் பேசுகின்றன, கேட்க ஆள் இல்லை. நடுவில் ஒரு கேப்சர் கார்டு வேண்டும். கேமரா எச்டிஎம்ஐ அதற்குள் போகும், அது யூஎஸ்பியில் லேப்டாப்புக்குப் போகும், லேப்டாப் அதை வெப்கேம் என்று எடுத்துக்கொள்ளும். என் கேமராவில் இருப்பது மினி எச்டிஎம்ஐ. கேபிள் வாங்கும் முன் உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் கார்டை வீடியோ கேப்சர் டிவைஸ் என்று சேர்த்ததும் எங்கள் கூடம் திரையில் வந்தபோது அத்தனை சந்தோஷம். ஆனால் பேட்டரி அளவும் நேரமும் படத்தின் மேலேயே நின்றன. கேமரா மெனுவில் அந்தத் தகவல்களை எல்சிடியில் மட்டும் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடம் ரெக்கார்டு செய்யாவிட்டால் தானாக அணையும் வசதியையும் நிறுத்தினேன். கரண்ட் அடாப்டர் கட்டாயம். பேட்டரியை நம்பி ஹோமத்தை எடுக்க முடியாது.

மந்திரம் தெளிவாகக் கேட்க வாத்தியார் பக்கத்தில் ஒரு மைக் வைத்து லேப்டாப்பில் இணைத்தேன். படம் கார்டு வழியாகச் சற்றுத் தாமதமாக வருவதால் ஒலி முந்திக்கொண்டது. கை தட்டித் தட்டிப் பார்த்து, மைக் ஒலியை 200 மில்லிசெகண்ட் பின்தள்ளினேன். சரியாகிவிட்டது.

யூடியூபில் முதல் முறை லைவ் செய்ய அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நல்லவேளை, இரண்டு நாள் முன்பே கேட்டு வைத்திருந்தேன். போன் ஹாட்ஸ்பாட்தான் என்பதால் படத் தரம் 720பி, அனுப்பும் வேகம் 2500 கேபிபிஎஸ் போதும் என்று வைத்தேன். ஹோமப் புகையில் ஆட்டோ ஃபோகஸ் அலைந்தது, மேனுவலுக்கு மாற்றினேன்.

கலச தீர்த்தம் ஊற்றி முடிந்த கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து போன்.

"டேய், அப்பா நடுங்குறார் பாரு. துண்டு கொடு."

கேமரா பக்கத்திலேயே நின்ற நான் அதைக் கவனிக்கவில்லை.